பனிநாட்டு வீடும் வெப்பப் பம்பியும்

நம் கல்லூரியின் பழைய மாணவர்களுட் பலர் இன்று பனி பெய்யும் நாடுகளிலே வீடு வாங்கிக் குடியிருக்கின்றனர். ஒஸ்லோவிலாயினும் ரொறன்ரோவிலாயினும் இலண்டனிலாயினும் அவர்கள் கூடுமிடங்களிற் பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு. அப்பேச்சிலே வெப்பப் பம்பி என்னும் பொறி இப்போது தவறாது இடம்பெறுகிறது. "கடுங்குளிரில் அது வேலை செய்யாது, பணத்தைக் கொட்டி ஏமாற வேண்டாம்" என்பார் ஒரு சாரார். "ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பம் தரும், யோசியாமல் வாங்குங்கள்" என்பார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் ஒரே குறையை உடையவர் என்பது என் கருத்து. எந்தக் குளிரில் என்பதை இருவரும் சொல்வதில்லை. வெளியிலுள்ள வெப்பநிலையைக் கூறாது இப்பொறியைப் புகழ்வதும் பழிப்பதும், நீர்மட்டத்தைக் கேளாது ஒரு கிணற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதை ஒக்கும்.

தமிழ் படிப்பிப்பவனுக்கு இப்பொறியைப் பற்றி என்ன தெரியும் என்று வினவுவோர் இருக்கலாம். நியாயமான வினாவே. ஆயினும் இதுபற்றிய மயக்கத்திற் பாதி சொல்லாற் பிறந்தது என்பதனாலேயே எழுதத் துணிந்தேன். அடுப்பும் மின்கம்பிச் சூடாக்கியும் வெப்பத்தை உண்டாக்குவன. வெப்பப் பம்பியோ அதனை உண்டாக்குவதன்று. ஓரிடத்திலுள்ள வெப்பத்தை எடுத்து மற்றோரிடத்திற் சேர்ப்பது. கிணற்றுப் பம்பி நீரைப் படைப்பதில்லையன்றோ? கீழே கிடக்கும் நீரை மேலே ஏற்றுகிறது. அதுபோலவே இதுவும். எனவே பம்பி என்னும் பெயர் இதற்கு வெகு பொருத்தமாக அமைந்துள்ளது. மின்கம்பிச் சூடாக்கிக்கு ஓர் அலகு மின்சாரம் கொடுத்தால் ஓர் அலகு வெப்பமே கிடைக்கும்; அதற்குமேல் ஓர் அணுவும் கிடையாது. பம்பிக்குக் கொடுக்கும் ஓர் அலகோ வெப்பத்தைச் சுமந்து வருவதற்குக் கொடுக்கும் கூலி. கூலிக்கும் சுமைக்கும் உள்ள விகிதம் சுமக்கும் தூரத்தைப் பொறுத்து மாறுவது இயல்பு.

இப்பொறி புதியதுமன்று, நாம் அறியாததுமன்று. நம் வீடுகளிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்க்கு அது சூடாயிருப்பது தெரியும். பெட்டியுள் இருந்த பண்டங்களின் வெப்பமே அங்கு வெளிப்படுகிறது. பனிநாட்டிலே வீடு முழுவதையும் பெட்டியின் பின்புறமாகவும், வெளியிலுள்ள வானத்தையும் காற்றையும் பெட்டியின் உட்புறமாகவும் கொண்டால் அதுவே வெப்பப் பம்பி. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1852ஆம் ஆண்டிலேயே இவ்வகையாற் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எழுதினார். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்துக்கு, அருகே ஓடும் லிம்மத் ஆற்று நீரின் வெப்பத்தை எடுத்துத் தரும் பொறி 1938இற் பூட்டப்பட்டது.

"குளிர்ந்த காற்றிலே எடுப்பதற்கு வெப்பம் ஏது?" என்பதே பலரும் எழுப்பும் தடை. நம் உடம்புக்குக் குளிர் என்று தோன்றுவதைக்கொண்டு வெப்பம் இல்லை என்று முடிவுகட்டுவது பிழை. வெப்பம் முற்றும் அற்ற நிலை பூச்சியத்தின் கீழ் 273 பாகையில் உள்ளது. பூச்சியத்தின் கீழ் 15 பாகையில் உறையும் காற்று அந்நிலையினின்றும் 258 பாகை மேலே நிற்கிறது. அதிலுள்ள வெப்பத்தை எடுப்பதற்கு வேண்டியது அக்காற்றினும் குளிர்ந்த ஒரு பொருள் மாத்திரமே. இப்பொறிகளின் குழாய்களில் ஓடும் பாய்பொருள்கள் அதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றான புரொப்பேன் சாதாரண வளியமுக்கத்திற் பூச்சியத்தின் கீழ் 42 பாகையிலே கொதிக்கும். வெளிச்சுருளில் அது பூச்சியத்தின் கீழ் 25 பாகையிற் கொதிக்குமாறு அமுக்கத்தை அமைத்து வைத்தால், 15 பாகைக் குளிர்காற்று அதற்குச் சுடுகாற்றே. காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியான அப்பொருளைக் கொம்பிறசர் இறுக அமுக்குகிறது. அமுக்கவே அது வீட்டினும் மிகச் சூடாகிறது. அச்சூட்டை வீட்டுக்குள் விட்டுவிட்டு மீண்டும் நீர்மமாகி, ஒடுங்கிய வழியொன்றினூடு சென்று குளிர்ந்து, மறுபடியும் வெளியே போகிறது. ஆகவே "குளிரில் வேலை செய்யாது" என்பது இயற்கை விதி ஒன்றும் அன்று.

ஆனால் அந்த வேலைக்குரிய கூலி ஏறும். இதனை விளக்க நமக்குத் துலாவைவிடச் சிறந்த உவமை வேண்டியதில்லை. மாரி முடிந்த தையில் இரண்டு பாகத்திற் கிடக்கும் நீரை இறைப்பவனும், ஆவணியில் நான்கு பாகத்திற் கிடக்கும் நீரை இறைப்பவனும் ஒரே பட்டையால் ஒரேயளவு நீரையே ஏற்றுகின்றனர். பிற்கூறியவனுக்கு மூச்சு வாங்குகிறது. வெப்பப் பம்பிக்கு ஏற்றத்தின் உயரம் என்பது வெளிக்காற்றுக்கும் வீட்டுக்குள் ஓடும் சுடுநீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடே. வீட்டிலே தரையின்கீழ்க் குழாய்களில் 35 பாகை நீர் ஓடுகிறது என்று கொள்வோம். வெளியே 7 பாகையாயின் ஏற்றம் 28 பாகை. வெளியே பூச்சியத்தின் கீழ் 15 ஆயின் ஏற்றம் 50 பாகை. குறையே இல்லாத ஓர் இலட்சியப் பொறி முதலாவதில் ஓர் அலகு மின்சாரத்துக்கு 11 அலகு வெப்பத்தையும், இரண்டாவதில் 6 அலகுக்குச் சற்று மேலும் தரும் என்று கணக்குக் கூறுகிறது. உலகிலுள்ள பொறிகள் அந்த இலட்சியத்திற் பாதியைத் தொடுவதே அரிது. ஆகவே முதலாவதில் நான்கும், இரண்டாவதில் இரண்டு முதல் இரண்டரையும் கிடைத்தால் நல்ல பொறி எனலாம். 2023இல் "ஜூல்" என்னும் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையொன்று, வீடுகளிற் பூட்டியபின் அளந்த அளவீடுகளைத் தொகுத்து, வெளியே 5 பாகை முதற் பூச்சியத்தின் கீழ் 10 பாகை வரையில் அவ்விகிதம் சராசரி 2.7 அளவில் நின்றதெனக் காட்டியது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நான்கு மடங்கு என்று விற்பவர் கூறியது பொய்யன்று. ஆயின் அது இலைதுளிர்காலத்து உண்மை. கடுங்குளிரில் இரண்டு மடங்காகக் குறைந்ததைக் கண்டு பொறி பழுதென்பாரும் தவறினர். இரண்டு மடங்கென்பது மின்கம்பிச் சூடாக்கி ஒருபோதும் எட்டாத அளவு.

விற்பனைத் தாள்களில் அச்சிடப்படும் எண்ணைப் பற்றி ஈண்டு ஒரு சொல். ஐரோப்பாவிலே பெரும்பாலும் அவ்வெண் வெளியே 7 பாகையாக இருக்கும்போது அளந்தது. வட அமெரிக்காவில் அது 47 பாகை பரனைற்று, அதாவது 8 பாகை செல்சியசு. வின்னிப்பெக் நகரிலே தை மாதத்தில் 8 பாகை வந்தால் மக்கள் மேலங்கியைக் கழற்றிவிடுவர்! அங்கே வாழ்பவனுக்கு அவ்வெண்ணாற் பயன் என்ன? அதே தாளில், அல்லது கேட்டால் தரப்படும் விரிவான அட்டவணையில், பூச்சியத்தின் கீழ் 7 அல்லது 8 பாகையிலும் 15 பாகையிலும் அப்பொறி தருவது எவ்வளவு என்பதும் இருக்கும். வாங்குபவர் படிக்க வேண்டியது அதனையே. அதைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கலாகாது என்பேன்.

கூலி ஏறுவதைக் காட்டிலும் பெரிய இடர் வேறொன்று உண்டு. ஆவணியில் நீர் ஆழத்திற்குப் போகும் அதே வேளையிலேதான் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் மிகுதியாக வேண்டியிருக்கிறது. பனிநாட்டு வீடும் அப்படியே. உள்ளே 21 பாகை வேண்டும் என்று வைப்போம். வெளியே 6 பாகையானால் வேறுபாடு 15. வெளியே பூச்சியத்தின் கீழ் 9 ஆனால் வேறுபாடு 30. சுவர்களும் யன்னல்களும் கூரையும் வெளிவிடும் வெப்பம் இரட்டித்துவிடுகிறது. அதே சமயத்தில், குளிரக் குளிரப் பொறி தரக்கூடிய மொத்த வெப்பமும் குறைகிறது. ஏனெனில் வெளிச்சுருளில் உண்டாகும் ஆவி ஐதாகி, கொம்பிறசரின் ஒவ்வொரு மூச்சுக்கும் உட்செல்லும் பொருளின் அளவு சிறுத்துவிடும். வீட்டின் தேவை ஏறிக்கொண்டும் பொறியின் வலு இறங்கிக்கொண்டும் போக, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் ஒரு வெப்பநிலை வரும். அதன் கீழே பொறியால் மட்டும் வீட்டைக் காக்க இயலாது. துணைக்கு மின்கம்பிச் சூடாக்கியோ விறகடுப்போ வேண்டும். துணைச் சூடாக்கி தானே தொழிற்படும் வீடுகளிலே இது வீட்டுக்காரர் அறியாமலே நடக்கும். மாத முடிவில் மின்பட்டியல் வந்தபின்னரே அறிவர். அறிந்து வெப்பப் பம்பியை ஏசுவர்.

அந்தச் சந்திப்பு எத்தனை பாகையில் நிகழும் என்பதை நிச்சயிப்பது பொறியின் பெருமை மாத்திரமன்று. வீட்டின் சுவரும் கூரையும் யன்னலுமாம். வெப்பம் ஒழுகும் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பொறியும் போதாது. மிகப் பெரிய பொறியைப் பூட்டினால், குளிர் குறைந்த நாள்களில் அது நின்று நின்று ஓடித் தேய்ந்துபோகும். இக்காலத்துப் பொறிகள் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுவன. அதனால் இக்குறை பெரிதும் தணிந்துள்ளது. அமெரிக்க அரசின் சக்தித் திணைக்களம் 2021இலே தயாரிப்பாளருக்கு அறைகூவலொன்றை விடுத்தது: பூச்சியத்தின் கீழ் 15 பாகையிலும் துணைச் சூடாக்கியின்றி முழு வலுவைத் தரும் பொறியைச் செய்க என்பதே அது. அமுக்கலின் நடுவிற் சிறிதளவு ஆவியைப் புகுத்தும் கொம்பிறசர்களும் கடுங்குளிருக்கென்றே வந்துள்ளன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பழைய பொறியொன்றால் அல்லற்பட்டவர் இன்றைய பொறியைப் பற்றிக் கூறும் சாட்சியத்தை இதை மனத்திற்கொண்டே கேட்டல் வேண்டும்.

அடுத்து உறைபனி. இதிலே வியப்பான செய்தியொன்று உளது. இப்பொறிக்குப் பெருந்தொல்லை தருவது நோர்வேயின் உள்நாட்டுக் கடுங்குளிர் அன்று; இங்கிலாந்தின் ஈரமான இளங்குளிரே. பூச்சியத்தின் கீழ் 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியையே தாங்கும். 2 பாகையிலோ ஐந்து கிராமுக்கு மேல் தாங்கும். வெளிச்சுருள் காற்றினும் சில பாகை குளிர்ந்திருப்பதால், காற்று 2 பாகையில் இருக்கும்போதே சுருளின் மேற்பரப்புப் பூச்சியத்தின் கீழ் இறங்கிவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் வெண்பனியாய்ப் படியும். படிந்த பனி காற்றோட்டத்தை அடைக்கும். அதனைப் போக்கப் பொறி சில நிமிடங்களுக்குத் தன் தொழிலைத் திருப்பி நடத்துகிறது. வீட்டின் வெப்பத்தை எடுத்து வெளிச்சுருளுக்கு அனுப்பிப் பனியை உருக்குகிறது. அப்போது வெளிவிசிறி நிற்கும். சுருளிலிருந்து வெண்புகை போல நீராவி எழும். உள்ளே சற்றுக் குளிர்காற்று வீசுதலும் உண்டு. பனிநாட்டிலே முதல் மாரியைக் கழித்த பழைய மாணவர் ஒருவர் இதனைக் கண்டு, பொறி தீப்பற்றியது என்று அஞ்சி, அதன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு எனக்கும் எழுதியிருந்தார். அவர் கண்டது பொறியின் நோயன்று. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் முறை. மணிக்கு ஒருமுறை அளவில் நிகழ்ந்தால் ஈரக்குளிரில் அது வழமையே. ஓயாது நிகழ்ந்தால், அல்லது சுருள் முழுவதும் கட்டியாய் உறைந்து கிடந்தால், அப்போது தொழிலறிந்தவரை அழைக்க வேண்டும்.

உருகிய நீர் எங்கே போகிறது என்பதைப் பூட்டுபவர் பலர் எண்ணுவதில்லை. நிலத்தோடு ஒட்டிப் பொறியை வைத்தால், வழிந்த நீர் அதன் அடியிலேயே உறைந்து, நாளுக்கு நாள் மேலே வளர்ந்து விசிறியின் அலகை முட்டும். பனி குவியும் மட்டத்துக்கு மேலே தாங்கி அமைத்து, கூரையிலிருந்து நீர் சொட்டாத இடத்திலே அதனை வைத்தல் நன்று. சிறிய காரியம், ஆயினும் கெட்ட பெயர் பெற்ற பொறிகளுட் பல இச்சிறிய காரியத்தாற் கெட்டவை.

இனி, குளிரிலே பயன்படாதென்பார்க்கு நான் காட்டும் சான்று நூலிலுள்ளதன்று; நாடுகளிலுள்ளது. ஐரோப்பாவிலே வீடுகளின் தொகைக்கு ஒப்பிட மிகுதியான வெப்பப் பம்பிகள் இருப்பது வெயில் நாடுகளில் அன்று. நோர்வேயிலும் சுவீடனிலும் பின்லாந்திலுமே. நோர்வேயில் நூறு வீட்டுக்கு அறுபது பொறி என்ற அளவில் உள்ளன. பிரித்தானியாவிலோ நூற்றுக்கு ஒன்றிரண்டே. குளிர் காரணமாயின் இக்கணக்குத் தலைகீழாக இருந்திருக்க வேண்டுமன்றோ? நோர்வேயில் 2020 முதல் கட்டடங்களைச் சூடாக்கக் கனிய எண்ணெய் எரிப்பது தடுக்கப்பட்டது. அங்கே மின்சாரம் பெரும்பாலும் அருவிகளாலும் ஆறுகளாலும் கிடைப்பது. வீடுகள் வெப்பம் ஒழுகாதவாறு கட்டப்படுவன. 1980களில் அந்நாட்டின் வடகோடிப் பின்மார்க்கிலே மீன் ஆலைகளில் வேலை செய்த நம்மவர்க்கு அங்குள்ள குளிரை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் குளிர்மிகு மாநிலங்களில் ஒன்றான மேயின், 2025க்குள் இலட்சம் பொறிகளைப் பூட்டுவது என்று வகுத்த இலக்கை 2023இலேயே எட்டிவிட்டது.

பிரித்தானியாவின் தயக்கத்துக்கு வேறு காரணங்கள் உள. அவற்றை மறைப்பது நேர்மையன்று. அங்கே பல வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் 60, 70 பாகை நீரைச் சிறிய ரேடியேற்றர்களுக்கு அனுப்புகிறது. அதே ரேடியேற்றர்களை வைத்துக்கொண்டு வெப்பப் பம்பியைப் பூட்டினால் நீரை 55 பாகைக்கேனும் ஏற்ற வேண்டும். வெளியே பூச்சியத்தின் கீழ் 15 ஆனால் ஏற்றம் 70 பாகை. விகிதம் இரண்டுக்கும் கீழே போய்விடும். பெரிய ரேடியேற்றர்களைப் பூட்டி, 40 பாகை நீரால் வீட்டைக் காக்கும் வழி செய்தல் வேண்டும். அன்றியும் அண்மைய ஆண்டுகளிலே அங்கு மின்சார அலகின் விலை எரிவாயு அலகின் விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்துவந்துள்ளது. கொதிகலன் எரிவாயுவின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை வெப்பமாக்குவதாயின், ஆண்டு முழுதும் சராசரி மூன்றரைக்கு மேல் விகிதம் கிடைத்தாலன்றி வெப்பப் பம்பியாற் பணம் மிஞ்சாது. பொறி குளிரில் நன்றாய் ஓடுவது வேறு. பணம் மிச்சப்படுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே விற்பவர் செய்யும் குழப்பம். எண்ணெய் எரிப்பவர்க்கும் மின்கம்பியாற் சூடாக்குபவர்க்கும் கணக்கு வேறாக வரும். அவர்க்கு இப்பொறி பெரும்பாலும் ஆதாயமே.

பழக்கத்தால் விளையும் முறைப்பாடுகளும் பல. பிள்ளைகளோடு இருக்கப் போன நம் பெரியவர்கள் குளிருக்கு ரேடியேற்றரின் அருகே அமர்ந்து அதனைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். கைசுடும் கொதிகலன் நீருக்குப் பழகியவர்க்கு, 40 பாகை நீர் ஓடும் தகடு செத்ததுபோலத் தோன்றும். "இது சுடவில்லை, பழுது" என்பர். பார்க்க வேண்டியது தகட்டின் சூட்டையன்று, அறையின் வெப்பமானியை. முதியவர்க்கும் குழந்தைகட்கும் குளிர்ந்த அறை விளையாட்டன்று. ஆதலால் மானி 18 பாகைக்குக் கீழே காட்டுமாயின் பொறுத்திருக்க வேண்டாம். சிக்கனம் என்று எண்ணி இரவிலே சூட்டை வெகுவாகக் குறைத்து, விடியற்காலையில் ஒரேயடியாக ஏற்றுவது மற்றொரு பழக்கம். கொதிகலனுக்கு அது பொருந்தும். வெப்பப் பம்பியோ, அன்றைய குளிரிலும் கடுமையான அவ்விடியற்காலையிலே மூச்சுமுட்டி ஓடி, எட்டமுடியாதபோது துணைச் சூடாக்கியையும் அழைத்துக்கொள்ளும். இரவில் மிச்சம் பிடித்தது காலையிற் போய்விடும். ஒரே அளவில் வைத்து மெல்ல ஓடவிடுதலே அதற்கு உகந்தது.

எவ்வளவு கடுமையான குளிருக்கும் காற்றிலிருந்து வெப்பமெடுக்கும் பொறி போதும் என்று நான் கூறவில்லை. பொறிக்குப் பொறி எல்லை வேறு. பூச்சியத்தின் கீழ் 20 பாகையோடு ஓய்வனவும் உண்டு, 30 பாகை வரை இழுத்துச் செல்வனவும் உண்டு. கனடாவின் நடுநிலச் சமவெளியில், 30 பாகைக்குக் கீழே போகும் இரவுகள் உள்ள ஊர்களில், நிலத்தைத் துளைத்து ஆழத்து வெப்பத்தை எடுக்கும் முறையைக் கொள்வதோ, பழைய உலையைத் துணையாக விட்டுவைப்பதோ அறிவுடைமை. மண்ணின் ஆழத்திலே மாரியும் கோடையும் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆதலின் அங்கே ஏற்றத்தின் உயரம் ஏறுவதில்லை. செலவுதான் பெரிது. மின்சாரம் தடைப்பட்டால் எந்த வெப்பப் பம்பியும் நிற்கும் என்பதையும் மறக்கலாகாது. நோர்வேயர் இத்தனை பொறிகளைப் பூட்டியும் விறகடுப்பைக் கைவிடாதது இதனாற் போலும்.

இதனைப் படிக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பொறியோடு இரண்டு மூன்று மாரிகளேனும் வாழ்ந்தவர்கள், தம் ஊரின் பெயரையும், மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையையும், அம்மாதத்தில் வீட்டைச் சூடாக்கச் சென்ற மின் அலகுகளையும், வீடு கட்டிய ஆண்டையும் ஓர் அஞ்சலிலே எழுதி இதழாசிரியருக்கு அனுப்புவார்களாயின், அடுத்த இதழில் அவற்றை ஒரு பட்டியலாக வெளியிடலாம். பொறியின் விலையும் உற்பத்தியாளர் பெயரும் வேண்டா. வெப்பநிலை எழுதாத கடிதங்களை மட்டும் அனுப்பாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.